எந்தப் படி?

பாட்டியின் சமையல் நோட்டைப் பிரித்தால் ‘பால் ஒரு படி, வெல்லம் இருபது பலம், நெய் ஆழாக்கு’ என்று பாயசக் குறிப்பு இருக்கும். அடுப்படியில் இருப்பதோ லிட்டர் குவளை. இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்குப் போட்டாக வேண்டும்.

அந்தக் கணக்கு அழகானது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆழாக்கு 168 மில்லி லிட்டர் என்று இன்றைய வாய்ப்பாடுகள் சொல்கின்றன. அப்படியானால் உழக்கு 336, படி 1,344. மூன்று உழக்கைச் சேர்த்தால் 1,008 மில்லி லிட்டர். அதாவது மூன்று உழக்கு ஒரு லிட்டர்; மிச்சம் இரண்டு தேக்கரண்டிகூட வராது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் காகிதம் பென்சில் வேண்டாம்.

எல்லாமே பாதி பாதியாகப் போவதில்தான் பழைய அளவையின் சூட்சுமம். பாதியை அளக்கத் தனிப் பாத்திரம்கூடத் தேவையில்லை. நேர்ச்சுவர் கொண்ட படியில் எண்ணெயைத் தளும்ப நிரப்பி, மெல்லச் சாய்த்து ஊற்றிக்கொண்டே வர வேண்டும். எண்ணெய் மட்டம் இந்தப் பக்கம் விளிம்பையும் அந்தப் பக்கம் அடிமூலையையும் ஒருசேரத் தொடும்போது, உள்ளே நிற்பது துல்லியமாக அரைப்படி. பத்தால் வகுக்கும் லிட்டரில் இந்தச் சுகம் இல்லை. பத்தில் ஒரு பங்கைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க யாரால் முடியும்?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. படி ஊருக்கு ஊர் மாறியது. வெள்ளையர் காலத்துச் சென்னையின் பட்டணம் படி 100 கன அங்குலம். லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 1.64. அதன் ஆழாக்கு 205 மில்லி லிட்டர். பெயர் ஒன்றுதான், அளவு கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடிவிடுகிறது. கஷாயம் காய்ச்சுகிறவருக்கு இது பொருட்டில்லை: எட்டில் ஒன்றாகச் சுண்ட வேண்டும் என்பது எந்தப் படியிலும் எட்டில் ஒன்றுதான். பாயசத்தின் கதை வேறு. அங்கே பாலைப் படியால் அளக்கிறார்கள், வெல்லத்தைப் பலத்தால் நிறுக்கிறார்கள். பட்டணம் படியை மனத்தில் வைத்து எழுதிய குறிப்புக்கு 1,344 மில்லி லிட்டர் பாலை ஊற்றினால் ஏறக்குறைய 300 மில்லி லிட்டர் குறைந்துபோகும், பாயசம் திகட்டும். வாய்ப்பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தப் படி என்று கேட்காமல் பெருக்கியதுதான் பிழை.

சோழர் காலக் கணக்கர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், நாளொன்றுக்கு உழக்கு நெய் என்று வருகிறது. வெறும் உழக்கு என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஆடவல்லான் என்னும் அளவையால் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். அளவைக்கு ஒரு பெயர் இருந்ததால், நெய் அளக்கும் இடையருக்கும் வாங்கி ஊற்றும் கோயிலுக்கும் வழக்கு எழ இடமில்லை.

மெட்ரிக் அளவுச் சட்டம் 1956இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் லிட்டரும் கிலோவும் கடைகளுக்குள் நுழைந்தன. ஆனாலும் 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான் வாக்குக் கேட்டது. கிலோவில் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அவ்வளவு சட்டென்று அடுப்படிவரை போயிருக்காது.

பரணில் பித்தளைப் படி கிடக்கும் வீடுகளில் ஒரு வேலை செய்து பார்க்கலாம். புளி போட்டுத் துலக்கி, தண்ணீரைத் தளும்ப நிரப்பி, அந்தத் தண்ணீரை லிட்டர் குவளையில் ஊற்றி அளக்க வேண்டும். 1,340ஐ ஒட்டி வருகிறதா, 1,640ஐ ஒட்டி வருகிறதா, இரண்டிலும் சேராமல் தனியாக நிற்கிறதா? வந்த எண்ணைப் பாட்டியின் நோட்டில், முதல் பக்கத்தில், மையால் எழுதி வையுங்கள். அந்த வீட்டுப் பாயசத்துக்கு அதுதான் படி.