ஓராண்டுத் தலைமை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தலைமை. தலைமை என்றவுடன் அரசரும் அமைச்சரும் பெரும் நிறுவனங்களின் அதிபருமே நம் நினைவுக்கு வருகின்றனர். நாம் எடுத்துக்காட்ட விழைவதோ, நம்மிற் பலர் பெயரும் கேட்டிராத ஒரு சிறு கூட்டத்தாரின் தலைமையை. வான்வெளி மருத்துவம் பயில விரும்பும் மாணவர்களும், அத்துறையில் மேற்பயிற்சி பெறும் இளம் மருத்துவர்களும் சேர்ந்து நடத்தும் அமைப்பே அது. கரமனையிலும் சாலைக் கடைவீதியிலும் ரயில்வே காலனியிலும் குடியிருக்கும் நமக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. ஆயினும் அதனைக் கூறுமுன், அம்மருத்துவம் இன்னதென்று அறிந்துகொள்வது நலம்.

பிற மருத்துவத்தில் நோயுற்றவர் மருத்துவரை நாடி வருகிறார். வான்வெளி மருத்துவத்திலோ, முழு நலமுள்ள ஒருவர் மனித உடலுக்குச் சிறிதும் ஒவ்வாத இடத்திற்குச் செல்கிறார். அவரை நோயுறாமற் காத்து, நலமாகவே மீட்டுக் கொணர்வது மருத்துவரின் கடமை. பன்னாட்டு விண்வெளி நிலையம் பூமிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடம் பிடிக்கிறது. எனவே அங்குள்ளோர்க்கு ஒரு நாளில் ஏறத்தாழ 16 முறை பொழுது விடிகிறது. உறக்கத்தின் ஒழுங்கு கெட இதுவொன்றே போதும். எடையற்ற நிலையில் உடலிலுள்ள நீரும் குருதியும் தலைப்பக்கம் ஏறுவதால் முகம் வீங்கும், கால்கள் மெலியும். இடுப்பெலும்பு மாதந்தோறும் நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலாகவோ தேயும். சிலருக்குப் பார்வையும் மாறும். இவற்றைத் தடுப்பதற்காக அங்குள்ளோர் நாள்தோறும் ஏறத்தாழ 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர். அங்ஙனம் செய்தும், பூமிக்குத் திரும்பி எழுந்து நிற்கும்போது பலருக்குத் தலை சுற்றுகிறது.

இத்துறை நேற்றுத் தோன்றியதன்று. 1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் லூயிஸ் பவர் என்னும் மருத்துவர், விமானிகளின் உடல்நலத்தைச் சோதிக்கும் மருத்துவர்களை ஒன்றுசேர்த்து ஒரு சங்கம் கண்டார். விமானங்கள் மரச்சட்டத்திலும் துணியிலும் பறந்த காலத்தை ஒட்டித் தோன்றிய அச்சங்கமே, இன்று உலகெங்கும் உறுப்பினர்களைக் கொண்ட வான்வெளி மருத்துவச் சங்கமாக வளர்ந்துள்ளது. நாம் முதலிற் குறிப்பிட்ட மாணவர், பயிற்சி மருத்துவர் அமைப்பு அதன் நிழலில் இயங்குவது. பெரிய சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இளையோர் சந்திக்கின்றனர்; அனுபவமுடையோரை வழிகாட்டிகளாக அடைகின்றனர்; தம்முள் ஒருவரைத் தலைவராகக் கொள்கின்றனர்.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு பெங்களூரில் விமானப்படை ஒரு வான்பயண மருத்துவப் பள்ளியைத் தொடங்கிற்று. இன்று அது வான்வெளி மருத்துவ நிறுவனம் என்னும் பெயரால் விளங்குகிறது. எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர்கள் அங்கு மூன்றாண்டு பயின்று, இத்துறையில் எம்.டி. பட்டம் பெறுகின்றனர். மனிதரைச் சுழற்றிப் பன்மடங்கு எடையைத் தாங்கப் பழக்கும் பெரும் பொறியும், மலையுச்சிக் காற்றின் மென்மையை அறைக்குள்ளேயே உண்டாக்கும் கூண்டும் அங்கு உள்ளன. அத்தகைய கூண்டில் அமர்ந்தவர் உயிர்க்காற்றுக் குறையும்போது தம் அறிவு மங்குவதைத் தாமே உணர்வதில்லையாம். தாம் நன்றாயிருப்பதாகவே எண்ணி மகிழ்வாராம். அருகிலிருப்பவர் கண்டு சொன்னால்தான் உண்டு. தலைமைப் பதவியிலிருப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது அன்றோ?

இனி நம் ஊருக்கு வருவோம். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் விண்ணிற் பாய்ந்தது. அதற்கு இடம் தந்தவர் அவ்வூர் மீனவ மக்கள். தேவாலயத்தையே விஞ்ஞானத்திற்கு ஈந்தவர் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா. கடலோரத்தில் அன்று இடப்பட்ட வித்து, மனிதரை அனுப்பும் அளவிற்கு வளர்ந்துவிட்டது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், ககன்யான் பயணத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரின் பெயர்கள் நம் நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திலேதான் அறிவிக்கப்பட்டன. பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையிற் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகியோரே அந்நால்வர். அடுத்த ஆண்டு, 2025 ஜூன் 25ஆம் நாள் சுக்லா விண்ணேகி, பன்னாட்டு நிலையத்தில் தங்கி, ஜூலை 15ஆம் நாள் நலமாகத் திரும்பினார். அவருக்கு மாற்றாளாக நின்றவர் பிரசாந்த் நாயர். அதே ஆண்டு ஏப்ரலில், விண்வெளி மருத்துவத்தில் இணைந்து பணியாற்ற இஸ்ரோவும் நம் ஊர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆகவே, இத்துறை அயல்நாட்டுப் புதுமை என்று நாம் ஒதுக்குவதற்கில்லை. நம் பிள்ளைகள் நாளை கற்கக்கூடிய கல்வி அது.

இத்தகைய துறையின் இளையோர் அமைப்புக்குத் தலைமை தாங்குவது எளிதன்று. தலைவருக்குச் சம்பளம் இல்லை. ஆணையிடும் அதிகாரம் இல்லை. உறுப்பினர் பல நகரங்களிற் சிதறியிருப்பர். தேர்வும் இரவுப் பணியும் அவரை ஓயவிடா. எல்லாவற்றினும் மேலாக, மாணவராகவும் பயிற்சி மருத்துவராகவும் ஒருவர் இருப்பது சில ஆண்டுகளே. பட்டம் பெற்ற நாளில் அவருடைய உரிமை முடிந்துவிடும். அத்தலைமை பிறக்கும்போதே முடிவு நாளைக் கையிற் கொண்டு பிறக்கிறது. அவ்வாறாயின், அவர் செய்யத்தக்கது யாது? நம் சிற்றறிவுக்கு மூன்று கடமைகள் தோன்றுகின்றன.

முதலாவது, கதவு திறத்தல். வான்வெளி மருத்துவம் என்று ஒன்றிருப்பதே பெரும்பாலான மருத்துவ மாணவர்க்குத் தெரியாது. தந்தையோ மாமனோ விமானப்படையில் இருந்தாலன்றி அதற்கு வழிசொல்வார் இல்லை. அறிமுகமற்ற ஊரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, தன் ஐயத்தை அஞ்சாது கேட்கத்தக்க இடமாகத் தன் அமைப்பை ஆக்குவதே இளந்தலைவரின் முதற்பணி.

இரண்டாவது, நம்பிக்கை ஈட்டல். உண்மையைக் கூறினால் பறக்கும் தகுதி பறிபோகுமோ என்று அஞ்சி, உபாதைகளை மருத்துவரிடம் மறைக்கும் விமானிகள் உண்டு. ரயில்வேயில் உள்ள நமக்கு இது புதிதன்று. குறித்த காலத்தில் வரும் கண்சோதனைக்கு முன்னாள் இரவு, வண்டியோட்டுவோர் வீடுகளில் உறக்கம் இராது. இத்துறை மருத்துவரிடத்தில் அதிகாரத்தைக் காட்டிலும் நம்பிக்கையே மிகுதியும் வேண்டப்படுகிறது. 'இவரிடம் சொன்னால் நம்மைக் கெடுக்கமாட்டார், காப்பார்' என்னும் எண்ணம் எழாவிடின், எத்தனை கருவி இருந்தும் பயனில்லை. இளமையில் தன்னொத்தாரிடம் இதனைப் பழகாதவர், முதுமையில் விமானியிடம் எங்ஙனம் பழகுவார்?

தோல்வி நேர்ந்த நாளில்தான் இந்நம்பிக்கை சோதிக்கப்படும். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள், நம் ஊர் மையம் உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்து கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் செய்தியாளர் முன் சென்று பொறுப்பை ஏற்றவர், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அதே ராக்கெட் வெற்றி கண்டபோது, தவான் கலாமையே செய்தியாளரைச் சந்திக்க அனுப்பினார். கலாமே இதனைப் பல மேடைகளில் நன்றியோடு கூறியிருக்கிறார். இளையோரைத் தலைவராக்க விரும்பும் மூத்தோர்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

மருத்துவத் துறையிலும் நம் ஊரில் இதற்குச் சான்றுண்டு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைத் தொடக்கத்திலிருந்து வளர்த்தவர் மருத்துவர் எம். எஸ். வலியத்தான். நாற்பது வயதை ஒட்டியே அவர் அப்பொறுப்பை ஏற்றார். வெளிநாட்டு இதய வால்வை வாங்க இயலாத ஏழை நோயாளர்க்காக, மருத்துவரையும் பொறியாளரையும் ஒன்றுசேர்த்து உள்நாட்டிலேயே வால்வு செய்ய முனைந்தார். முதல் மூன்று அமைப்புகளும் தேறவில்லை. நான்காவதே தேறிற்று. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மூன்று முறை தோற்ற குழு கலைந்து போகாமல் நான்காம் முறைக்குக் கூடிற்று என்றால், அதுவன்றோ தலைமை?

மூன்றாவது கடமை, ஒப்படைத்தல். ரயில் நிலையத்தில் பணி முடிந்து செல்லும் நிலைய அதிகாரி, எவ்வண்டி எங்கு நிற்கிறது, எப்பாதை அடைக்கப்பட்டுள்ளது என்பனவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்து வருபவரின் கையொப்பம் பெற்ற பின்னரே இடம் பெயர்வார். அவர் எத்துணைத் திறமையாளராயினும், எழுதாமற் சென்றால் அடுத்த வண்டிக்கு ஆபத்து. ஓராண்டுத் தலைவரின் நிலையும் அதுவே. தாம் செய்தவற்றை மட்டுமன்றி, செய்யாமல் விட்டவற்றையும் எழுதிக் கொடுத்துச் செல்பவரே முழுத் தலைவர். விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30ஆம் நாள் நம் கோவளத்தில் திடீரென மறைந்தார். அப்போது அவருக்கு வயது 52. சார்ஜ் ஒப்படைக்க அவருக்கு ஒரு நாளும் கிட்டவில்லை. ஆயினும் பணி நிற்கவில்லை. ஏன்? தும்பாவில் அவர் இளைஞர்களை ஏவலாளராக வைக்காமல் பொறுப்பாளராக வைத்திருந்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக ஒப்படைத்தவருக்கு, இறுதி நாளில் ஒப்படைக்க மிகுதியாக ஒன்றும் இராது.

அன்பர்களே, தொடர்பு உண்டு என்று முன்னர்ச் சொன்னோம். அது இதுவே. நம் சங்கத்தில் நம் பிள்ளைகள் என்ன செய்கின்றனர்? நாற்காலி சுமக்கின்றனர், பந்தி பரிமாறுகின்றனர், மேடைக்கு ஒலிபெருக்கி கட்டுகின்றனர். கணக்குப் புத்தகத்தை மட்டும் அவர்கள் கையில் நாம் கொடுப்பதில்லை. தீர்மானம் எழுதச் சொல்வதில்லை. பின்னர் அவர்கள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்று திரும்பிப் பாராமல் இருக்கும்போது, 'இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பற்று இல்லை' என்று வருந்துகிறோம். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கல்வி கற்கும் பிள்ளைக்கு, தமிழெழுத்தைப் பயன்படுத்தும் அலுவல் ஒன்றை நாம் தந்தோமா? தராவிடின், இன்னும் இருபது ஆண்டுகளில் இம்மலரைக் கையிலெடுத்துப் படம் பார்ப்பார் இருப்பர், படிப்பார் இரார். உயிர்க்காற்றுக் குறைவது தெரியாமல் மகிழ்ந்திருக்கும் கூண்டுக்குள் நாமும் அமர்ந்திருக்கலாகாது.

ஆகையால் இப்பேரவையின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். துணைச் செயலாளர் பதவிகளில் ஒன்றை 25 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு அளிப்போம். ஆணும் பெண்ணும் மாறி மாறி வரட்டும். ஓராண்டு மட்டுமே பதவி, மறுமுறை இல்லை. விலகும்போது அவர் தம் கைப்படத் தமிழில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதி வைக்கட்டும். பிழையிருந்தால் அருகிலமர்ந்து திருத்துவோம், நகைக்க வேண்டா. நிகழ்ச்சி கெட்டால் பழியைச் செயற்குழு ஏற்கட்டும். சிறந்தால் மாலை அப்பிள்ளைக்குப் போகட்டும். மேலும், நம் காலனிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளை மாதக் கூட்டத்திற்கு அழைத்து, தாம் கற்பதைத் தமிழில் நமக்குச் சொல்லச் செய்வோம். சொல் கிடைக்காமல் அவர்கள் தடுமாறும் இடத்தில்தான் மொழி வளரும்.

பதவி சிறிது என்றும், காலம் குறுகியது என்றும் இளைஞர்கள் எண்ண வேண்டா. விண்ணிற் செல்பவரின் புகழ் உலகெங்கும் பரவுகிறது. அவர் உறங்கினாரா, உண்டாரா, நெஞ்சு சீராகத் துடிக்கிறதா என்று தரையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும் மருத்துவரின் பெயரை எவரும் அறியார். ஆயினும் அவர் கேட்பதை நிறுத்தினால் பயணமே நிலைகுலையும். அத்தகைய பெயரறியாத் தலைமைக்கு நம் பிள்ளைகள் முன்வரவேண்டும். அவர்களுக்கு இடம் விட்டு நாம் சற்று ஒதுங்கியிருக்க வேண்டும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!