பல்கலைக்கழகமும் தீப்பெட்டித் தெருவும்



கோவில்பட்டியில் ‘ஆராய்ச்சி’ என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் கரிசற்காட்டுச் சம்சாரிக்கு நினைவு வருவன பருத்தியும் சோளமுமே. 1901ஆம் ஆண்டிலேயே இவ்வூரில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டுவிட்டது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. எந்த விதை வறட்சியைத் தாங்கும் என்று அங்குள்ளோர் சொன்னால், சம்சாரி சற்றுச் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டாலும், அடுத்த புரட்டாசியில் புஞ்சையின் ஒரு மூலையிலாவது விதைத்துப் பார்ப்பார். ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் குறிப்பேட்டோடு நம் தெருவுக்குள் நுழைந்து, “வீட்டில் எத்தனை பேர்? வேலைக்குப் போகிறவர் யார் யார்?” என்று கேட்டால் கதவு பாதி மூடிக்கொள்கிறது. விதையை ஆராயலாம், வீட்டை ஆராயலாமோ என்பது நம்மவர் ஐயம். ஆராய்ந்தே தீர வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காரணத்தை நம் ஊர்க் கதையைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

மழை பொய்த்தால் மானாவாரிப் பூமியில் வேலை இல்லை. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அத்தொழில் மெல்லமெல்லச் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவியது. பயிருக்குப் பகையான வறண்ட காற்று மருந்து முக்கிய குச்சிக்கு நட்பாயிற்று. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று மக்கள் அழைத்த அக்கூடங்கள் பட்டினியைத் தடுத்தன என்பதை மறுப்பவன் நன்றி மறந்தவன். ஆயினும் சட்டத்தில் குச்சி அடுக்குவதும், பெட்டியில் குச்சி அடைப்பதும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவதும் எண்ணிக்கைக் கூலி வேலைகள். சிறிய விரல்கள் விரைவாக ஓடும். ஆகவே சிறுவரும், அவர்களினும் மிகுதியாகச் சிறுமியரும் அவ்வேலைக்குள் இழுக்கப்பட்டனர்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தது 1980களின் முற்பகுதியில். அந்நாளில் விடியுமுன்னரே ஆபீஸ் வண்டிகள் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். இருட்டிய பின் இறக்கிவிடும். அக்காலத்து நிலையை ஒரு வரியில் சொல்வதானால், பள்ளிப் பதிவேட்டில் பெயர் உண்டு, பிள்ளை இல்லை. ஆபீஸில் பிள்ளை உண்டு, பெயர் இல்லை. பள்ளிக்கு வரும் மேலதிகாரி எங்கள் பதிவேட்டைப் பார்த்தார். தொழிற்சாலைக்குச் செல்லும் அதிகாரி அவர்கள் பதிவேட்டைப் பார்த்தார். இரண்டும் சரியாகவே இருந்தன! அந்தப் பிள்ளை எங்கே என்பதை அறிய ஒரே வழி, அதன் வீட்டுக்குச் சென்று கேட்பதுதான்.

பல்கலைக்கழகம் நகரத்துக்குச் செய்யக்கூடிய தொண்டின் உயிர்நிலை இதுவே. அமெரிக்காவில் 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் டியூ பாய்ஸ் என்ற இளம் நீக்ரோ அறிஞரை, பிலடெல்பியா நகரில் அவரினத்தார் நெருங்கி வாழ்ந்த ஏழாவது வட்டத்தை ஆராயும்படி அமர்த்தியது. அவர் மனைவியோடு அவ்வட்டத்திலேயே குடியேறி, சுமார் 2,500 குடும்பங்களை வீடு வீடாகச் சென்று தாமே விசாரித்தார். ஏழ்மைக்கும் குற்றத்துக்கும் அம்மக்களின் பிறப்பே காரணம் என்று ஊரார் எண்ணியிருந்தனர். வேலைக் கதவுகள் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்ததை 1899இல் வெளிவந்த அவர் நூல் எடுத்துக்காட்டியது.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். அவற்றுள் சிவகாசி வட்டாரத்து வடமலாபுரமும், இங்கிருந்து திருநெல்வேலி செல்லும் இரயில் பாதையிலுள்ள கங்கைகொண்டானும் இருந்தன. இருபது ஆண்டு கழித்து, 1936–37இல், பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராயச் செய்தனர். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வடமலாபுரத்துக்குச் சென்றனர். அந்நிறுவனத்தை 1971இல் தோற்றுவித்தவர் மால்கம் ஆதிசேசையா. ஒருமுறை வந்து போகிறவர் விருந்தாளி, திரும்ப வந்து, “அன்று இப்படி இருந்ததே, இன்று ஏன் மாறிற்று?” என்று கேட்பவரே ஆராய்ச்சியாளர்.

தீப்பெட்டிப் பிள்ளைகளின் கதைக்கு வருவோம். 1983 ஜூலையில் ஸ்மிது கோத்தாரி என்னும் ஆய்வாளர் சிவகாசிச் சிறுவர் உழைப்பைப் பற்றி, பம்பாயிலிருந்து வெளிவரும் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ என்ற இதழில் எழுதினார். நாடெங்கும் பேச்செழுந்தது. இந்தப் பக்கத்தில் சிலருக்குக் கோபமும் எழுந்தது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு, மாற்று வேலை யார் தருவார் என்று கேட்டவர்களுக்கு உடனே விடை கிடைக்கவில்லை. 1991இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து அரசியற் பேராசிரியர் மைரன் வைனர், இந்தியாவில் குழந்தையும் அரசும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வறுமை தீர்ந்தால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பது நம் பழைய பாடம். பல நாடுகள் வறுமையில் இருந்தபோதே கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தன. தடையாக நிற்பது, ஏழைப் பிள்ளைக்குக் கைத்தொழிலே போதும் என்று கருதும் படித்தவர் மனப்பான்மை என்றார் அவர். ஆசிரியர் அறைகளில் இதைப் படித்த சிலர் முகம் சுளித்தனர். எனக்கோ அது உண்மை என்றே பட்டது.

நூல்கள் மட்டும் பிள்ளைகளை மீட்டன என்று நான் சொல்ல வரவில்லை. 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த மதிய உணவு, 1986ஆம் ஆண்டுச் சட்டம், எம். சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஆகியன எல்லாம் சேர்ந்தே வேலை செய்தன. குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி செலுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்தது. 2010 ஏப்ரல் முதல் கல்வி உரிமைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் “எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை” என்ற பேச்சை எடுபடாமல் செய்தவை வீட்டுத் திண்ணையில் எழுதப்பட்ட கணக்குகளே.

ஆராய்ச்சியாளர் மீதும் எனக்குக் குறை உண்டு. நம் தெருவில் கேட்ட செய்தியை ஆங்கிலத்தில் எழுதி, நாம் காணாத இதழில் அச்சிட்டு, பட்டம் பெற்றுப் போய்விடுகிறவர் பலர். பதில் சொன்ன தாய்க்கு முடிவு தெரிவதே இல்லை. விதை ஆராய்ச்சியில் விளைச்சலைச் சம்சாரி கண்ணால் காண்கிறார். தெரு ஆராய்ச்சியிலும் அப்படிக் காட்ட வேண்டாமா? நகராட்சிப் பள்ளியில் ஒரு மாலை ஊராரைக் கூட்டி, கண்டதைத் தமிழில் சொல்ல எவ்வளவு செலவாகிவிடும்?

இப்போது பிள்ளைகள் பெருமளவு பள்ளிக்கு வந்துவிட்டனர். ஆனால் தெருவின் துன்பம் வேறு உருக் கொண்டுள்ளது. முழு இயந்திரத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. லைட்டர் குச்சியின் இடத்தைப் பிடிக்கிறது. 2007 முதல் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. பத்து வயதில் குச்சி அடுக்கத் தொடங்கிய அன்றைய சிறுமி இன்று ஐம்பதைக் கடந்தவள். அவளுக்குப் படிப்பில்லை, கைக்குத் தெரிந்த வேலையோ இயந்திரத்துக்குப் போய்விட்டது. எந்தப் பதிவேட்டிலும் அவள் பெயர் இல்லாததால் அவளைப் பற்றிப் பேசுவார் இலர்.

திருநெல்வேலியில் 1990 முதல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்குள்ள மாணவர் சிலர் கோவில்பட்டியில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளட்டும். எத்தனை வயதில் ஆபீஸுக்குப் போனீர்கள், எந்த ஆண்டு வேலை நின்றது, விரல்களும் முதுகும் எப்படி இருக்கின்றன, இப்போது அடுப்பு எதனால் எரிகிறது, மகள் எந்த வகுப்புவரை படித்தாள் என்று வீடு வீடாகக் கேட்கட்டும். பத்தாண்டு கழித்து அதே தெருவுக்கு வந்து, அதே கதவுகளைத் தட்டட்டும்.