போகிற வழியில் ஒரு கிராமம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். 34 வருடம் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன். நேரமானால் நானே மூடிவிடுவேன், கவலை வேண்டாம்.

ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போகாதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். பிள்ளைகளை வி.ஜி.பி.க்கும் அழைத்துப் போயிருப்பீர்கள். அதே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்தில் எத்தனை பேர் இறங்கியிருக்கிறீர்கள்? நானும் இறங்கியதில்லை. பஸ்ஸில் இருந்தபடி பெயர்ப் பலகையைப் பார்த்ததோடு சரி. உள்ளே போனால் நமக்கு என்ன புரியும் என்ற கூச்சம். போன மாதம்தான் என் பேத்தி கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அங்கே என்னை முதலில் பிடித்துக்கொண்டது படங்கள் அல்ல, கணக்கு. பெரியமேட்டில் உள்ள அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்கு வேறு வேலை தேடிப் போய் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்களே என்று அவருக்குக் கவலை. வழி ஒன்று கண்டார்கள். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்பது, அந்த வருமானத்தில் வாழ்ந்துகொண்டு, மீதி நேரத்தில் தன் இஷ்டப்படி வரைவது. அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் 1966-இல் கடலோர மணலில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதாவது, தங்கள் வீட்டைத் தாங்களே கூட்டாகக் கட்டி நிர்வகித்த ஒரு குடியிருப்போர் சங்கம்! மாதச் சந்தா வசூலிக்கவே திணறுகிற நாம் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

2009-இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். அதற்குச் சிறிய டிக்கெட் உண்டு. மாறி மாறிக் கண்காட்சி நடக்கும் கூடங்களும், திறந்த வெளியில் சிற்பங்களும் இருக்கின்றன.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்து மாதிரி இருக்கும், படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் மாதிரி, பழைய பேரேடு மாதிரி கோடுகள். நான் கூட்டல் சரியாக வருகிறதா என்று தேடினேன். பேத்தி சொன்னாள்: “தாத்தா, இது படிக்கிறதுக்கு இல்ல, பார்க்கிறதுக்கு.” அதன் பிறகு சும்மா நின்று பார்த்தேன். கால் வலி தெரியவில்லை.

கே.ராமானுஜத்தின் கோட்டோவியங்களையும் அவசரப்படாமல் பாருங்கள். கனவில் வரும் அரண்மனைகள் போல, நுணுக்கமான பேனாக் கோடுகள். 1973-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தக் கிராமம் இல்லாவிட்டால் அவர் வரைந்திருக்க இடம் இருந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடம் முன்பு நான் பொருளாளராக இருந்தபோது, மாடியில் நடந்த பிள்ளைகளின் ஓவிய வகுப்பை பட்ஜெட்டில் இருந்து நீக்கியது நான்தான். ‘அத்தியாவசியம் அல்லாத செலவு’ என்று என் கையாலேயே எழுதினேன். லிஃப்ட் பழுதுக்குப் பணம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் லிஃப்ட் சரியான பிறகும் அந்த வகுப்பை நான் திரும்பச் சேர்க்கவில்லை. அதில் என் பேத்தியும் ஒருத்தி. அவள் இதுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

வரும் பொதுக்குழுவில் அந்த வகுப்பை மறுபடி தொடங்க நானே தீர்மானம் கொண்டுவருகிறேன். ஆதரவு தாருங்கள். முதல் மூன்று மாதச் செலவு என் பென்ஷனில் இருந்து.

அதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கம் போய் வருவோம். வர விரும்புகிறவர்கள் காவலாளி அறையில் உள்ள நோட்டில் பெயர் எழுதுங்கள். புரியாதே என்று தயங்க வேண்டாம். எனக்கும் பாதி புரியவில்லை. ஆனாலும் மறுபடி போகப்போகிறேன்.