வீட்டிற்கும் நோயாளர்க்கும் உகந்த நாய்



நாய்க்கு ஞமலி, ஞாளி என்னும் பழம்பெயர்கள் தமிழில் உண்டு என்பதைச் சங்க நூல்களைப் பயில்வோர் அறிவர். பிற்காலத்து நாலடியாரில் நட்பைப் பற்றிச் சொல்லவந்த புலவர் ஒருவர், யானையையும் நாயையும் ஒப்பிட்டு நோக்குகிறார். பன்னாள் பழகிய பாகனையே கொல்லும் இயல்புடையது யானை. நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைத்து நிற்கும். ஆதலால் நாயை ஒத்தவரின் நட்பே கொள்ளத்தக்கது என்பது அவர் முடிபு.

அப்புலவர் போற்றிய பண்பு வளர்த்தவனிடம் மாறாத அன்பு. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பண்பு அதனின் வேறானது. முன்பின் அறியாத முதியவர் ஒருவரின் நடுங்கும் கை தன் தலைமீது படும்போது, அஞ்சாமலும் சீறாமலும் துள்ளாமலும் நிற்கும் பொறுமையே அது. வீட்டாரிடம் உயிரையே வைத்திருக்கும் நாய், அயலாரிடம் இப்பொறுமையைக் காட்டும் என்பதற்கு உறுதி இல்லை. சொல்லப்போனால், முதற்பண்பு மிகுந்த நாய்களுள் பலவற்றுக்கு இரண்டாம் பண்பு குறைவு. நோயாளர்க்கு ஆறுதல் தரும் பணிக்கு நாயைத் தேடுவோர் முதலில் உணரவேண்டிய வேறுபாடு இதுவே.

அப்படியும் ஒரு பணி உண்டா என்று உங்களுள் சிலர் வியக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ஆம் ஆண்டில், நியூகினித் தீவின் காட்டில் பதுங்குகுழி ஒன்றில் ஒரு சின்னஞ்சிறு நாய் கண்டெடுக்கப்பட்டது. யார்க்‌ஷயர் டெரியர் இனத்தைச் சேர்ந்த அதன் எடை இரண்டு கிலோகிராம்கூட இல்லை. வில்லியம் வின் என்னும் அமெரிக்கப் படைவீரர் அதனை வாங்கி, ஸ்மோக்கி என்று பெயரிட்டு வளர்த்தார். அவர் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோது அந்நாயை உடன் கொண்டுவந்தனர். அது காயமுற்ற வீரர் பலரின் கட்டில்களுக்கும் சென்று அவர்களை மகிழ்வித்தது. பின்னர், நியூயார்க்கில் குழந்தைகளுக்கு உளமருத்துவம் செய்துவந்த போரிஸ் லெவின்சன் என்பவர், பிறரிடம் வாய் திறவாத சிறுவன் ஒருவன் தம் நாயாகிய ஜிங்கிள்ஸுடன் மட்டும் இயல்பாகப் பழகுவதைக் கண்டார். 1962-இல் நாயைத் தம் உடன்மருத்துவராகவே குறிப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். நாய்க்கும் கட்டணத்தில் பங்கு உண்டோ என்று கேட்டு நகைத்தவர்களும் உண்டாம்! ஆயினும் அவர் தொடங்கிய வழி நிலைத்துவிட்டது. 1991-இல் ஜில் ராபின்சன் என்னும் அம்மையார் ஹாங்காங்கில் ‘டாக்டர் டாக்’ என்ற பெயரில் இத்தொண்டைத் தொடங்கினார். அவருடைய முதல் ‘மருத்துவர்’ மாக்ஸ் என்னும் கோல்டன் ரெட்ரீவர் நாய். நம் சென்னையிலும் புறவுலகோடு ஒட்டாத குழந்தைகளுக்கான பள்ளிக்கு நாய்களை அழைத்துச் சென்று பழக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 1999 முதல் குழந்தைகள் நாயின் அருகில் அமர்ந்து புத்தகம் வாசித்துக் காட்டும் முறை நடைபெறுகிறது. தவறாகப் படித்தால் நாய் திருத்துவதில்லை, நகைப்பதும் இல்லை. திக்கித் திக்கிப் படிக்கும் குழந்தைக்கு அதுவே பெரிய துணை.

இனி, நம் நாஞ்சில் நாட்டில் ஒரு குடும்பம் இத்தகைய நாயை வளர்க்க விரும்பினால் எந்த இனத்தைத் தேர்வது?

நம்மவை என்னும் பற்றினால் நம் தென்னாட்டு இனங்களை முதலில் எண்ணுவது இயல்பே. இராசபாளையம் நாயின் படத்தை இந்திய அஞ்சல்துறை 2005-ஆம் ஆண்டில் அஞ்சல்தலையில் வெளியிட்டுச் சிறப்பித்தது. பால்போன்ற வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் நெடிய உடலும் உடைய அந்நாயைக் காண்பார் கண்ணெடுக்கமாட்டார். ஆனால் அது காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம். ஒருவரையே தலைவராகக் கொண்டு, அயலாரை ஐயுற்று நோக்கும் இயல்பை மக்களே பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அதனுள் வளர்த்திருக்கிறார்கள். அவ்வியல்பு காவலில் குணம். நோயாளியின் கட்டிலருகே குற்றம். வெண்ணிறத்தோடு ஒட்டிவரும் செவிட்டுத்தன்மையும் அவ்வினத்துக் குட்டிகள் சிலவற்றில் உண்டு. பின்னே ஓசையின்றி ஒருவர் வந்து தொட்டால் செவிடான நாய் திடுக்கிட்டுத் திரும்பும். கோம்பை நாயும் காவலுக்கே பேர்பெற்றது.

சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு வகை. மெலிந்த உடலும் குட்டையான மயிரும் உடைய இவை கண்ணால் கண்டு ஓடித் துரத்தும் வேட்டைநாய்கள். வெயிலைத் தாங்கும், நோயும் குறைவு, வீட்டுக்குள் அமைதியாக ஒரு மூலையில் கிடக்கும். குடும்பத்தாரோடு மட்டும் வாழ, ஓடுவதற்கு வேலியிட்ட தோப்பும் இருக்குமானால் இவை மிக நல்ல துணை. கொல்லையில் கோழி வளர்ப்போர் மட்டும் இருமுறை எண்ணிப்பார்க்கவேண்டும். ஆனால் புதியவர் கை நீட்டினால் விலகி நிற்பதே இவற்றின் வழக்கம். தம்மைத் தழுவிக்கொள்ள விழையும் குழந்தையை இவை ஏமாற்றிவிடும். பஞ்சுப்பொதி போன்ற வெள்ளை நாய் ஒன்றைப் பொமரேனியன் என்று அழைத்து நம் தெருக்களில் பலர் வளர்க்கிறார்கள். உண்மையில் அது இந்திய ஸ்பிட்ஸ். சிறிய வீட்டிற்கு ஏற்றது, அறிவும் மிக்கது. ஆனால் அதன் குரைப்பை நோயாளர் அறையில் எண்ணிப்பாருங்கள்!

ஆகவேதான் உலகெங்கும் இப்பணிக்கு லாப்ரடாரையும் கோல்டன் ரெட்ரீவரையும் மிகுதியாக நாடுகிறார்கள். இவ்விரண்டும் வேட்டையில் சுடப்பட்ட பறவையைப் பல் படாமல் கவ்விக் கொண்டுவந்து கொடுப்பதற்காக உருவாக்கப்பட்டவை. கோல்டன் ரெட்ரீவர் இனத்துக்கு ஸ்காட்லாந்தில் 1868-இல் ட்வீட்மவுத் பிரபு அடிகோலினார். மென்மையாகக் கவ்வுதல், மனிதன் சொற்படி நடத்தல், பிறரோடு சேர்ந்து பணிசெய்தல் ஆகிய மூன்றுக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட நாய்கள் ஆதலால், அயலாரிடமும் இவை இணக்கம் காட்டுவதில் வியப்பில்லை.

ஆனால் நம் நிலத்தின் தட்பவெப்பத்தை மறந்துவிடக்கூடாது. நாயின் உடலில் மனிதனைப்போல் வியர்வை பெருகுவதில்லை. நாவை நீட்டி மூச்சிரைத்து, அந்த ஈரம் ஆவியாவதனாலேயே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கடலும் குளங்களும் வயல்களும் சூழ்ந்த நம் மாவட்டத்தில் காற்றில் எப்போதும் ஈரம் மிகுதி. ஈரக்காற்றில் ஆவியாதல் குறையும். வெப்பமானி காட்டும் அளவு மிகாதபோதும் நாய் தவிப்பதற்குக் காரணம் இதுவே. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற பனிநாட்டு நாய்களைப் பெருமைக்காக வாங்கி நாகர்கோவிலில் வளர்ப்பது கொடுமை என்றே நான் கருதுகிறேன். முகம் சப்பையான பக் நாய்க்கு மூச்சுவழியே குறுகல். அதற்கும் இத்துன்பம் உண்டு. ரெட்ரீவர் இரண்டனுள் நீண்ட மயிருடைய கோல்டனைவிடக் குட்டை மயிருடைய லாப்ரடார் நமக்கு எளிது. அதையும் வெயிலுக்கு முன்னும் பின்னுமே நடத்தவேண்டும். காற்றோட்டமான தார்சாவில் படுக்கவிடவேண்டும்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்து, கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளையும் நாட்டில் உண்ணிகளுக்கும் எலிகளுக்கும் குறைவில்லை. உண்ணி நாயின் குருதியில் நோய்க் கிருமியைச் செலுத்தும். எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கு வரும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரக்கூடும். இதற்கும் நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு. வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டியின் மூன்றாம் மாதத்தில் போட்டு, கால்நடை மருத்துவர் குறிக்கும் நாளில் தவறாமல் தொடரவேண்டும். எந்த நாய் கடித்தாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வளர்ப்பு நாய்தானே என்று வாளாவிருப்பது உயிருக்கே உலையாகும்.

லாப்ரடாருக்கு வேறொரு குறையும் உண்டு. அது தீராப் பசி. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் பசியடங்கும் உணர்வைக் குலைக்கும் மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். பாட்டி அன்போடு போடும் ஒவ்வோர் இட்டிலியும் அதன் இடுப்பெலும்பின்மேல் ஏறும் பாரம்.

இவ்வளவும் இனத்தைப் பற்றிச் சொன்னேன். இப்போது இனத்தை மட்டும் நம்புவோர்க்கு ஒரு தடை சொல்லவேண்டும். 2022-இல் அமெரிக்க அறிவியலார் 18,000-க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி உரியவர்களிடம் வினவி, அவற்றுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் ஆராய்ந்தனர். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடே என்பது அவர்கள் கண்ட முடிவு. அப்படியானால் சிடுசிடுக்கும் லாப்ரடாரும் இருக்கும்; சாந்தமே உருவான தெருநாயும் இருக்கும். இனத்தின் பெயர் எங்கே தேடத்தொடங்குவது என்பதைக் காட்டும். எந்தக் குட்டியை எடுப்பது என்பதைக் காட்டாது.

குட்டியின் தாயைப் போய்ப் பாருங்கள். தாய் உங்களைக் கண்டு அஞ்சினால் அல்லது உறுமினால் திரும்பிவிடுங்கள். ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர் ஐந்து இன நாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல், பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை நாய் உலகத்தோடு பழகக் கற்கும் காலம் என்று நிறுவியது. அக்காலத்தில் கூண்டுக்குள் அடைபட்ட குட்டியைப் பிற்பாடு திருத்துவது அரிது. எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. வீட்டிற்கு வந்தபின் ஊன்றுகோலின் ஓசை, சக்கர நாற்காலி, குக்கரின் சீழ்க்கை, கோயில் மேளம் ஆகிய யாவற்றையும் தூரத்தில் வைத்து மெல்ல மெல்லப் பழக்குங்கள்.

விடுமுறையில் நாய் வேண்டும் என்று தந்தையாரிடம் கேட்கப்போகும் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. லாப்ரடார் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டு வாழும். ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் வாங்கும் குட்டிக்கு நான்கு வயது ஆகுமுன் நீங்கள் கல்லூரி விடுதிக்குப் போய்விடக்கூடும். 30 கிலோகிராம் எடையுள்ள அந்நாயைக் காலையும் மாலையும் நடத்திச் செல்பவர் யார்? அறுபது வயதுப் பாட்டியாரா? கயிறு இழுத்த இழுப்பில் அவர் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டால், ஆறுதலுக்காக வந்த நாயே துயரத்தின் காரணமாகிவிடும். இவ்வினாவுக்கு விடை இல்லாத வீட்டில், ஏற்கெனவே நன்கு பழகிய, வயது முதிர்ந்த சிறிய நாட்டு நாய் ஒன்றை எடுத்து வளர்ப்பதே பொருத்தம்.

ஓராண்டு நிறைந்தபின் நாயைப் பணிக்குச் சோதித்துப் பாருங்கள். அறியாதவர் வாலைத் தொட்டால் என்ன செய்கிறது? தட்டு ஒன்று கீழே விழுந்தால் ஓடிப்போய்த் திரும்ப வருகிறதா, ஒளிந்தே கிடக்கிறதா? தேறாவிட்டால் அது வீட்டு நாயாகவே இருக்கட்டும். தேறினால், முதியோர் இல்லத்தாரிடமோ சிறப்புப் பள்ளியாரிடமோ இசைவு பெற்று, குளிப்பாட்டி, நகம் வெட்டி, தடுப்பூசிச் சான்றோடு கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். முதல் நாள் அரைமணி நேரம் போதும். நாய் அடிக்கடி கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டால் அது களைத்துவிட்டது என்று பொருள். எத்தனை பேர் இன்னும் காத்திருந்தாலும் விடைபெற்று, நிழலுக்கு அழைத்துவந்து தண்ணீர் வையுங்கள்.