ஆத்தாவிடம் யாரும் கேட்கவில்லை

(காரைக்குடியில் நடந்த படத்திறப்பு நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆத்தா படத்தைத் திறந்தாச்சு. மாலையும் போட்டாச்சு. அவளைப் பாராட்டிப் பேசுவதென்றால் விடியும்வரை பேசலாம். நான் வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். சிலருக்குக் கூச்சமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தா செத்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில். 2019இல். வயசு 54. துக்கம் கேட்க வந்தவங்ககிட்ட 'வயித்துல கட்டி'ன்னு சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

இந்த ஊர்ப் பெரிய வீடுகளை உங்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அப்படியொரு வீட்டில் முப்பது வருஷம் கொல்லை கூட்டி, தொழுவம் அள்ளினாள் ஆத்தா. வளவுக்குள் அவள் காலெடுத்து வைத்ததில்லை. தூரம் நின்று மூணு வருஷம் கழித்து மறுபடி உதிரம் பட ஆரம்பித்தபோதும் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போய்வந்தாள். எட்டு மாசம். விடியுமுன்னே கண்மாயில் துணியை அலசிவிட்டு வந்திருக்கிறாள். அப்புறம்தான் அக்காவிடம் சொன்னாள். ஒரு டாக்டரிடம் போனார்கள். 'பலவீனம்' என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். தொட்டுப் பார்க்கவில்லை. இன்னும் மூணு மாசம் போச்சு. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் 'இவ்வளவு நாள் என்னம்மா செஞ்சீங்க?' என்று அவளைக் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவன் நான். பகலில் வங்கியில் அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ராத்திரியில் ஆத்தாவின் காய்த்துப்போன கைகளைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். நீங்களெல்லாம் கைதட்டிய கவிதைதான்.

அய்யா முன்னால உட்கார்ந்திருக்கார். கடைசி நாலு மாசம் ஆத்தாவின் துணியைத் துவைத்தது அவர்தான். நாத்தம் தாங்காமல் சொந்தக்காரர்களே வாசலோடு திரும்பினார்கள். அவர் அவள் பக்கத்திலேயே படுத்தார். 'எம் பொண்டாட்டிடா, எனக்கென்னடா நாத்தம்' என்றார்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தாய் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். தங்கை புற்றுநோயில் சாவதை முத்துலட்சுமி பார்த்தார். அந்தச் சாவை அவர் விடவில்லை. 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவருக்கு டாக்டர் படிப்பு இருந்தது, சட்டசபை வரை குரல் இருந்தது, சரி. ஆனாலும் ஒரு சாவு அங்கே ஆஸ்பத்திரி ஆனது. நம்ம தெருச் சாவெல்லாம் படமாகிச் சுவரில் தொங்குகிறது.

இது தலைவிதியில் வருகிற நோயல்ல. ஒரு வைரஸ் உடம்பில் தங்கி, புற்றாக மாற பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு அவகாசம் தருகிற எதிரி! வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை நீர்க்கக் கலந்து தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால் கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். நர்ஸே பார்த்துவிடலாம். ஆரம்பத்திலேயே கண்டால் அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை ஆஸ்பத்திரியை வைத்து, 2000இல் ஆரம்பித்து 30 முதல் 59 வயசுப் பெண்களுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால், சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் இதழில் வந்த கணக்கு. ஒப்பிடுவதற்கென்று ஒதுக்கிய அந்த மற்ற ஊர்களில் வழக்கமான கவனிப்பு மட்டும்தான். அங்கே செத்தவளும் யாருக்கோ ஆத்தாதானே?

இப்போது 30 வயசு தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தச் சோதனை இலவசம். ஆத்தா உயிரோடிருந்தபோதும் இருந்தது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எத்தனை கூட்டம் போட்டோம்! பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை, கண்டதேவித் தேர்வடம். பேச வேண்டியவைதான். பெண்கள் கடைசியில் உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டார்கள். அவர்கள் உடம்பைப் பற்றி ஒரு தீர்மானம் நாம் போட்டதில்லை.

அக்காவுக்கு இப்ப 41. திங்கக்கிழமை லீவு போட்டிருக்கேன், அவளைக் கூட்டிக்கொண்டு போக. தெருவில் இன்னும் ஆறு பேர் வர்றதா சொல்லியிருக்காங்க. வேன் வாடகையை அய்யா கொடுத்துட்டார்.