சனிக்கிழமை ஒன்பது மணி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பெண்களும் ஊடகமும்" என்ற தலைப்பில் 20 நிமிடம் பேசும்படிதான் சங்கச் செயலாளர் கேட்டார். அந்தத் தலைப்பில் நான் எத்தனையோ மேடைகளில் பேசிவிட்டேன். பேசியதால் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அதனால் அனுமதியின்றித் தலைப்பை மாற்றிக்கொள்கிறேன். மூன்று வருடங்களாக இந்த வளவின் பழைய மனையியல் அறையில் சனிக்கிழமைகளில் என்ன நடக்கிறது என்று சொல்லப்போகிறேன்.

அங்கே மாணவர் ஊடகக் கழகம் கூடுகிறது. தரம் 9 முதல் உயர்தரம் வரை 14 பிள்ளைகள். வழிகாட்டிகள் என்று நாங்கள் ஐந்து பேர். நான் பத்திரிகையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒருவர் வானொலியில் செய்தி வாசித்தவர். ஒருவர் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் தம்பி. இந்த மேடையில் அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை என்பதால் அவருக்கு முதலில் நன்றி சொல்கிறேன். ஒருவர் சட்டத்தரணி. ஐந்தாமவர் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் பழைய மாணவி. இங்கே சனி காலை 9 மணி என்றால் அங்கே கோடைகாலத்தில் வெள்ளி இரவு 11.30. தாதி வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கணினிக்கு முன்னால் இருப்பார். இதழியல் படித்தவர் அல்லர். ஆனால் நோயாளியிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று தெரிந்தவர். பேட்டி எடுக்கப் பழக்குவதற்கு அதைவிட நல்ல தகுதி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் காலத்தில் வழிகாட்டி என்ற சொல் தொழிலில் இருக்கவில்லை. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். 1959இல் தினகரனுக்கு ஆசிரியரானபோது கைலாசபதிக்கு 30 வயதுகூட ஆகவில்லை. அவர் இருந்த குறுகிய காலத்தில் அந்தப் பத்திரிகையில் இடம் பெற்று வளர்ந்த இளம் எழுத்தாளர்கள் பலர். யாழ்ப்பாணத்தில் அதே வருடம் ஈழநாடு தொடங்கியது. அங்கே தொழில் பழகியவர்கள் பின்னர் பல பத்திரிகைகளுக்குப் போனார்கள். 1981 யூன் மாதம் அந்தக் கட்டடம் எரிந்தபோது, நூலகத்தைப் பற்றி அழுத அளவுக்கு நாங்கள் அதைப் பற்றி அழவில்லை. அது ஒரு பள்ளிக்கூடமும்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பெண்களுக்கு அந்தப் பள்ளிக்கூடக் கதவு எப்படித் திறந்தது? இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகை உதயதாரகை 1841இல் இந்தக் குடாநாட்டிலிருந்துதான் வந்தது. 1920களிலேயே மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ்மகள்' நடத்தினார். இவ்வளவு பழைய முதுசொம் இருந்தும், நான் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குத் தந்தது மாதர் பக்கம். எந்தப் பத்திரிகை என்று சொல்லமாட்டேன். ஆறு வருடம் கத்தரிக்காய்க் குழம்பும் முகப்பருவுக்கு மஞ்சளும் எழுதினேன். என்னைக் காப்பாற்றியவர் ஆசிரியபீடத்தில் இருந்தவர் அல்லர், கீழ்த்தளத்தில் இருந்த ஒப்புநோக்குநர் ஒருவர். வயதான மனிதர். பின்னேரம் வேலை முடிந்ததும் அன்றைய முன்பக்கத்தை என் முன்னால் விரித்து, "இந்தச் செய்தியிலே என்ன இல்லை, சொல்லு பிள்ளை" என்பார். என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் பழகிய தொழில் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

அவர் செய்ததை நான் செய்வேன் என்று நினைத்துத்தான் இந்த அறைக்கு வந்தேன். முதல் மாதமே பிழை விட்டேன். தரம் 10 பிள்ளை ஒருத்தி கட்டாக்காலி நாய்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தாள். "அண்மைக்காலமாக எமது பிரதேசத்தில் கட்டாக்காலி நாய்களின் தொல்லை அதிகரித்துக் காணப்படுகின்றது" என்று தொடக்கம். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, பத்து நிமிடத்தில் மேலிருந்து கீழ்வரை திருத்தி, அழகான செய்தியாக்கிக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லி வாங்கிப் போனாள். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. விசாரித்தால், வீட்டில் தாய் அதை வாசித்துவிட்டு, "இது நீ எழுதினதோ?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்குப் பதில் இல்லை.

நான் வீடு தேடிப் போய்த்தான் கூட்டி வந்தேன். அன்றிலிருந்து பிள்ளைகளின் தாளில் நாங்கள் பேனா வைப்பதில்லை. கரையில் பென்சிலால் கேள்வி மட்டும் எழுதுவோம். அவளுடைய தாளில் நான் எழுதியது: எத்தனை நாய்? எந்த ஒழுங்கை? நீ கண்டனியோ? அவள் போய் எண்ணினாள். பாடசாலைப் படலையிலிருந்து பஸ் நிலையம் வரை 17 நாய்கள். அதில் ஒன்று கடிக்காது, கூடவே வரும். அதற்குக் காலையில் வரும் பிள்ளைகள் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நாயோடு கட்டுரை தொடங்கியது. அது அவளுடைய கட்டுரை. நான் எழுதிக் கொடுத்ததைவிட நன்றாக இருந்தது என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

அடுத்தது பஸ் விடயம். பின்னேர வகுப்பு முடிந்து தூர இடங்களுக்குப் போகும் பிள்ளைகள் ஏறும் கடைசி பஸ் வராமல் விட்டது. அது ஏன் என்று பிள்ளைகள் எழுத விரும்பினார்கள். சட்டத்தரணி அக்கா அவர்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காட்டினார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. ஏன் கேட்கிறாய் என்று விண்ணப்பதாரி காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்தது காரணம் சொல்லத் தேவையில்லை என்பதுதான். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அவர்களுக்கு அப்படி ஒரு உரிமை இருந்ததே இல்லை.

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவர் கையெழுத்து வைத்து விண்ணப்பம் கொடுத்தார்கள். கலண்டரில் வேலை நாட்களை மட்டும் எண்ணிக் கோடு போட்டார்கள். போயா விடுமுறை வந்தால் கோபம். பதில் 19ஆம் வேலை நாளில் வந்தது. நேர அட்டவணையில் அந்த பஸ் இன்றும் இருக்கிறது. காகிதத்தில் அது ஒருநாளும் தவறியதில்லை. அதையும், தெருவில் மூன்று கிழமை நின்று தாங்கள் குறித்த நேரங்களையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துச் சுவர்ப் பத்திரிகையில் போட்டார்கள். ஒரு கருத்துச் சொல்லவில்லை. பஸ் திரும்ப வந்தது. ஒரு மாதம் ஓடியது. பிறகு நின்றுவிட்டது. இப்போது இரண்டாவது விண்ணப்பம் போயிருக்கிறது.

இதைக் கேட்டுக் கைதட்டுகிறீர்கள். ஆனால் இதே நேரத்தில் ஒரு தாய் என்னைக் காண வந்தார் என்பதையும் சொல்லவேண்டும். மகள் கையெழுத்து வைத்ததை அறிந்து வந்தவர். கோபப்படவில்லை. நிமலராஜன் சுடப்பட்ட காலத்தில் தான் அந்த அயலில் இருந்ததாகச் சொன்னார். 2000 ஒக்ரோபர் 19 இரவு, தன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர். இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு அந்த இரவு நினைவிருக்கும். "என்ரை பிள்ளைக்கு ஒண்டும் நடக்காதெண்டு உங்களாலை சொல்லேலுமோ அக்கா?" என்று கேட்டார்.

சொல்ல முடியாது என்றுதான் சொன்னேன். பஸ் அட்டவணைக்கு ஒன்றும் நடக்காது, ஆனால் அவள் அட்டவணையோடு நிற்கமாட்டாள் என்று எனக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும். பிறகு நாங்கள் இரண்டு பேரும் இருந்து, எதற்கு அவள் தனியாகப் போகக்கூடாது, எதற்கு அவள் பெயர் வரக்கூடாது என்று பேசி முடிவெடுத்தோம். அந்தத் தாய் இப்போது எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவருவார். தேத்தண்ணீர் சாட்டு. கண் எங்கள் மேல்தான். அதுவும் வேண்டியதுதான். பெரியவர்கள் எவரும் பிள்ளைகளோடு தனியாக வாட்ஸ்அப்பில் கதைப்பதில்லை, பொறுப்பாசிரியை இருக்கும் குழுவில்தான் எதுவும் எழுதுவோம் என்ற ஒழுங்கும் அவர் கேட்ட கேள்வியால் வந்தது.

இனி நூற்றாண்டு வேலைக்கு வருகிறேன். பழைய மாணவிகளைப் பேட்டி காணும்படி மலர்க்குழு பிள்ளைகளைக் கேட்டது. இந்தப் பாடசாலையின் நூறு வருடம் என்றால் பரிசளிப்பு விழாக்களும் வலைப்பந்தாட்டக் கிண்ணங்களும் மட்டும் அல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பத்திரிகைத் தாள் இல்லாமல் கொப்பித் தாளில் பேப்பர் அச்சான நாட்களில் படித்தவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளைகள் வந்து கேட்டபோது நீங்கள் பேசினீர்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பேசினீர்கள்.

ஒருவர், எந்த வருடத்தவர் என்று சொல்லமாட்டேன், தேடவும் வேண்டாம், அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன், ஒரு பிள்ளையிடம் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். இடையில் ஒரு விடயத்தைச் சொன்னார். ஒலிப்பதிவைக் கேட்ட எனக்கு 31 வருடத் தொழில் புத்தி உடனே விழித்துக்கொண்டது. இந்த மலரின் முதல் பக்கத்துக்குரிய விடயம் அது. அன்றிரவு அவர் பிள்ளைக்குப் போன் எடுத்து, அந்தப் பகுதி வேண்டாம், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை நான் பிள்ளைக்கு விளக்கம் சொன்னேன். ஒலிப்பதிவுக் கருவி மேசையில் அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது, எதற்கு என்று தெரிந்துதான் பேசினார், சொன்னதைப் பின்னர் திருப்பி வாங்க முடியாது, அதுதான் தொழில் முறை என்றேன். அமைச்சர்மாருக்கு நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அன்ரி, அவ எனக்குத்தான் சொன்னவ. மலருக்குச் சொல்லேல்லை. அவ அழேக்கை நான் கருவியை நிப்பாட்டியிருக்க வேணும். நிப்பாட்டேல்லை. அது என்ரை பிழை."

ரொறன்ரோவில் நடுச்சாமம் கடந்திருந்தது. திரையில் இருந்த எங்கள் தாதி அக்கா, "பிள்ளை சொல்லுறது சரி" என்றார். நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மணித்தியாலம் வாதாடினோம். அமைச்சர் வேறு, ஒரு சீவியத்துக்குப் பிறகு முதல்தரம் வாய் திறக்கும் அக்கா வேறு என்று 16 வயதுப் பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள். கடைசியில் அவள் என் முன்னாலேயே அந்தப் பகுதியை அழித்தாள். மற்றப் பகுதியை அவருக்கே வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினாள். பேட்டி மலரில் வருகிறது. நல்ல பேட்டி. அதில் என்ன இல்லை என்று கேட்கும் பழக்கத்தை எனக்குத் தந்த அந்த ஒப்புநோக்குநர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களிடம் கேட்க ஒரு விடயம் இருக்கிறது. காசு அல்ல, காசு கேட்கும் வேலையைப் பொருளாளர் பார்த்துக்கொள்வார். ஊருக்கு வரும்போது பலர் ஒருநாள் அறைக்கு வந்து, தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லி, பிள்ளைகளோடு படம் எடுத்து, முகநூலில் போட்டுவிட்டுப் போகிறீர்கள். அன்பாகத்தான் வருகிறீர்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் "அந்த அன்ரி வரேல்லையோ?" என்று கேட்கிறார்கள். பெரிய பெயர் தேவையில்லை. ஒரு தவணை, பன்னிரண்டு சனிக்கிழமை, சிட்னியிலிருந்தோ லண்டனிலிருந்தோ திரையில் வந்தாலும் போதும். லண்டன்காரர் குளிர்காலத்தில் விடிய 3.30க்கு எழும்ப வேண்டும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கணக்காளர்கள் வாருங்கள்; வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வைத்தியர்கள் வாருங்கள், டெங்கு எண்ணிக்கையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தாருங்கள்.

வருகிற சனிக்கிழமை வேலை எனக்கு. பிள்ளைகள் என்னைப் பேட்டி காணப்போகிறார்கள். கேள்விகளை முன்கூட்டியே தரமாட்டோம் என்றார்கள். நானேதான் அப்படிப் பழக்கினேன். ஒன்று மட்டும் கசிந்துவிட்டது. "31 வருடத்தில் முன்பக்கத்தில் உங்கள் பெயர் எத்தனை தரம் வந்தது?" என்பது அது. நேற்று அலுமாரியைத் திறந்து பழைய பேப்பர்களை எண்ணத் தொடங்கினேன். இன்னும் முடியவில்லை.

ஒன்பது மணிக்கு, பழைய மனையியல் அறை.