8,177 கோடி நஷ்டம்னு சொன்ன நாள்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு: கணக்குல பொய் சொல்லி மாட்டின ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியை முதலீட்டாளர்கள் திரும்ப நம்புவாங்களா? நம்புவாங்க. நம்ம நாட்டுலயே நடந்திருக்கு. ஹைதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ். உங்கள்ல பல பேர் அப்போ ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க.

2009 ஜனவரி 7. சேர்மன் ராமலிங்க ராஜு போர்டுக்கு ஒரு கடிதம் அனுப்புறார். கணக்குப் புத்தகத்துல கையிருப்பும் பேங்க் இருப்பும் சேர்த்து 5,361 கோடி ரூபாய். அதுல 5,040 கோடி நிஜத்துல இல்லவே இல்லை. பல வருஷமா லாபத்தை ஊதிக் காட்டினதுல வந்த பள்ளம் அது. புலி மேல ஏறிட்டேன், அதுக்கு இரையாகாம எப்படி இறங்குறதுன்னு தெரியலை என்கிற மாதிரி ஒரு உவமையும் அந்தக் கடிதத்துல இருந்தது. நான் ராஜபாளையத்துக்காரன். எங்க மலை இப்போ ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். காட்டுப் புலி மேல யாரும் இப்படிப் பழி போட முடியாது. இது காலாண்டுக்குக் காலாண்டு தீனி போட்டு வளர்த்த புலி. அன்னிக்கு ஒரே நாள்ல பங்கு விலையில முக்கால் பங்குக்கு மேல போச்சு.

ஆடிட்டர் என்ன பண்ணிக்கிட்டு இருந்தார்னு கேப்பீங்க. ராஜபாளையத்துல இருந்து அய்யனார் கோவில் போற ரோட்டுல ஆறாவது மைல் குடிநீர்த் தேக்கம் இருக்கு. மலையில மழை பெஞ்சு ஆத்துல தண்ணி வந்துட்டா, ஊர்ல எல்லாரும் கேக்குறது "எத்தனை அடி?"ன்னுதான். அதை அங்க போய் அளவைப் பார்த்துத்தான் சொல்லணும். தண்ணி விக்கிறவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துச் சொல்லக் கூடாது. சத்யத்துல நடந்தது இந்தச் சீட்டு வேலைதான். ஃபிக்ஸட் டெபாசிட் இருக்குன்னு காட்டின பேங்க் கடிதங்கள் போலி. பேங்க்கிட்ட நேரா கேட்டு வாங்க வேண்டிய உறுதியை, கம்பெனி கை வழியா வந்ததுன்னாலும் ஆடிட்டர்கள் ஏத்துக்கிட்டாங்க.

சரி, அடுத்து என்ன ஆச்சு? ரெண்டே நாள்ல மத்திய அரசு பழைய போர்டைக் கலைச்சது. கிரண் கார்னிக், தீபக் பரேக், சி. அச்சுதன் உள்ளே வந்தாங்க. கொஞ்ச நாள்ல இன்னும் மூணு பேர். அதுல ஒருத்தர் நம்ம சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரன். இவங்க முதல்ல பார்த்தது கணக்கை இல்லை, சம்பளத்தை. சுமார் 50,000 பேருக்கு மாசக் கடைசியில சம்பளம் போகணும். போகலைன்னா ஆள் கிளம்புவாங்க, ஆள் போனா கிளையன்ட் கிளம்புவாங்க, அப்புறம் விக்கிறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. பேங்குகள்ட்ட 600 கோடி கடன் ஏற்பாடு பண்ணினாங்க.

அப்புறம் ஏலம். இங்கதான் எனக்கு ஆச்சரியம். திருத்தின கணக்கு யார் கையிலயும் இல்லை, ஆனாலும் வாங்க வந்தாங்க. முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.பி. பருச்சா மேற்பார்வை. 2009 ஏப்ரல் 13 அன்னிக்கு டெக் மஹிந்திரா பங்குக்கு 58 ரூபாய் சொல்லி ஜெயிச்சது. எல் அண்ட் டி சொன்னது 45 ரூபாய் 90 பைசா. கம்பெனியோட நம்பரை நம்பி யாரும் வரலை. விக்கிற முறை வெளிப்படையா இருந்ததை நம்பி வந்தாங்க.

புது நிர்வாகம் உடனே "எல்லாம் சரியாயிடுச்சு"ன்னு ஒரு காலாண்டு ரிசல்ட்டை வெளியிட்டிருக்கலாம். அனுமதி வாங்கித் தள்ளிப் போட்டாங்க. ஒவ்வொரு இன்வாய்ஸா, ஒவ்வொரு பேங்க் கணக்கா திரும்பத் தோண்டினாங்க. 2010 செப்டம்பர் 29 அன்னிக்குத்தான் கணக்கு வந்தது. 2008-09-க்கு 8,177 கோடி நஷ்டம். அடுத்த வருஷம் 125 கோடி நஷ்டம். அமெரிக்க முறைக் கணக்கை நேரத்துக்கு முடிக்க முடியாம நியூயார்க் பங்குச்சந்தையில இருந்து வெளியேறவும் வேண்டியிருந்தது. பார்க்க அசிங்கமான நம்பர்தான். ஆனா சரிபார்த்த நம்பர். என் கணிப்புல, விளம்பரத்தையும் புதுப் பேரையும் விட அந்த நஷ்டக் கணக்குதான் சந்தையைத் திரும்பக் கூட்டிட்டு வந்தது. 2013 ஜூன்ல கம்பெனி டெக் மஹிந்திராவோட இணைஞ்சது. 17 சத்யம் பங்குக்கு 2 டெக் மஹிந்திரா பங்கு.

கம்பெனி பிழைச்சது, சரி. 2008-ல 500 ரூபாய்க்கு வாங்கி, பயந்து 30 ரூபாய்க்கு வித்த சின்ன முதலீட்டாளர்? அமெரிக்காவுல பங்கு வாங்கினவங்க கூட்டா கேஸ் போட்டாங்க. கம்பெனி 12.5 கோடி டாலர், ஆடிட் நிறுவனம் 2.55 கோடி டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிச்சு. அதே பொய்யை நம்பி இங்க வாங்கினவங்களுக்கு அப்படி ஒரு வழியே சட்டத்துல இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்துல 245-ஆம் பிரிவுன்னு ஒண்ணு சேர்த்தாங்க. முதலீட்டாளர்கள் கூட்டா சேர்ந்து கம்பெனி மேலயும் ஆடிட்டர் மேலயும் போகலாம். ஆனா அது அமலுக்கு வந்தது 2016-ல. ராஜுவுக்கு ஏழு வருஷ சிறைன்னு தீர்ப்பு வந்து ஒரு வருஷம் கழிச்சு.

அந்த 245-ஐ நம்மள மாதிரி பத்து, இருபது பங்கு வச்சிருக்கிறவங்க நிஜத்துல பயன்படுத்த முடியுமான்னு ஒரு வக்கீலைக் கூப்பிட்டு அடுத்த எபிசோடுல கேக்கப் போறேன். உங்க கேள்விகளை அதுக்கு முன்னாடி அனுப்பிடுங்க.